கடையில் வாங்கியது

ஆடி 5

பஞ்சாரத்துக்குப் பின்னால் ஒரு பெட்டைக்கோழி தலையைத் தொங்கப்போட்டு நின்றதை முந்தாநாளே பார்த்தேன். வெயில் என்று நினைத்துத் தண்ணீர்ச் சட்டியை நிழலுக்கு நகர்த்தி வைத்ததோடு சரி. நேற்று மூன்று செத்தன. இன்று காலையில் கூட்டைத் திறந்தால் ஏழு. பகலில் இன்னும் நான்கு. இருபத்து மூன்றில் ஒன்பது மிச்சம். எச்சம் சுண்ணாம்பு கரைத்து ஊற்றியதுபோல வெள்ளையும் பச்சையுமாகக் கிடக்கிறது.

வெள்ளைக் கழிச்சல். வந்த பிறகு மருந்து கிடையாது. வரும் முன் செய்ய வேண்டியதுதான்: குஞ்சு பொரித்த ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. அரசு கால்நடை மருந்தகத்தில் காசு வாங்காமல் போடுவார்கள். முதல் மூன்று வருஷம் நான் போடவில்லை. சின்ன வெங்காயமும் மஞ்சளும் கீழாநெல்லியும் போதும் என்று ஒரு திமிர். ஒரு கூடு முழுக்கச் செத்த பிறகுதான் அது திமிர் என்று தெரிந்தது. அதற்கப்புறம் விடாமல் போட்டு வந்தேன். இந்த முறை குஞ்சு பொரித்த வாரத்தில் மோட்டார் எரிந்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் சொட்டு மருந்து நினைவிலேயே இல்லை.

குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தேன். மண் காய்ந்து கிடக்கிறது. கடப்பாரை பட்டால் ஓடு உடைவதுபோலச் சில்லுச் சில்லாகப் பெயர்கிறது.

ஆடி 8

எல்லாம் முடிந்தது. ஒரு சேவல் மட்டும் மிச்சம். விடியற்காலை நாலரைக்கு எதுவும் நடக்காததுபோலக் கூவுகிறது.

ஆடி 11

இந்தக் குறிப்பேடு கணக்குப் புத்தகமாகத்தான் தொடங்கியது. 2015 தையில் ஆலங்குடிக்குக் கிழக்கே இந்த இரண்டே முக்கால் ஏக்கர் கொல்லைக்கு வந்தோம். வந்த வாரமே கீரமங்கலத்தில் நீள நோட்டு ஒன்று வாங்கி நடுவே விரித்து, இடப்பக்கம் ‘விளைந்தது’ என்றும் வலப்பக்கம் ‘கடையில் வாங்கியது’ என்றும் தலைப்பு எழுதினேன். ஐந்து வருஷத்தில் வலப்பக்கம் வெறும் தாளாக இருக்க வேண்டும் என்பது சங்கல்பம்.

அன்றைய வலப்பக்கத்தை இன்று எடுத்துப் பார்த்தேன். அரிசி, பருப்பு, எண்ணெய், மிளகாய், தக்காளி, முட்டை, பால், சோப்பு. இரண்டு பக்கத்துக்கு ஓடுகிறது. இப்போது அரை பக்கம். அரிசி, பாதி வருஷத்துக்கு நம்முடையது. கடலை எண்ணெய், செக்குக் கூலி மட்டும். பால் வீட்டில். ஆனால் அந்த அரை பக்கம் நாலைந்து வருஷமாக அரை பக்கமாகவே நிற்கிறது. வேதாரண்யத்து உப்பு, சிவகாசித் தீப்பெட்டி, மண்வெட்டிக்கு இரும்பு, மோட்டாருக்குச் செம்புக் கம்பி. கொல்லை மோட்டாருக்கு மின்சாரம் இலவசம் என்பதால் அதை எந்தப் பக்கத்திலும் எழுதியதில்லை என்பது இன்றுதான் உறைத்தது. அறுநூற்றிருபது அடிக்குக் கீழே இருந்து வரும் தண்ணீரை யார் கணக்கில் எழுதுவது?

தற்சார்பு என்ற சொல்லை என்னைப் போன்ற பலர் இயற்கை வேளாண்மை பேசிய நம்மாழ்வாரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டோம். அலுவலகம் விட்டு வந்த இரவுகளில் யூடியூபில் அவருடைய பேச்சைத் தொடர்ந்து கேட்டேன். கோவில்பட்டியில் அரசு ஆராய்ச்சிப் பண்ணை வேலையை விட்டு வந்தவர். கரூர் மாவட்டம் கடவூரில் காய்ந்து கிடந்த நிலத்தை ‘வானகம்’ பண்ணையாக மாற்றியவர். 2013 டிசம்பர் 30 அன்று இங்கிருந்து அதிகத் தூரமில்லாத அத்திவெட்டியில் இறந்துபோனார். காவிரிப் படுகை மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த சமயம். அடுத்த வருஷமே நிலம் தேட ஆரம்பித்துவிட்டேன்.

பேச்சு கொடுத்த உற்சாகம் ஒன்றரை வருஷம் ஓடியது. அதுவே அதிகம் என்று இப்போது படுகிறது.

ஆடி 18

காவிரிக்கரை ஊர்களில் இன்று புதுத் தண்ணீரைக் கும்பிடுவார்கள். எங்கள் கொல்லைக்குக் காவிரி வராது. போர்க்குழாயின் வாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்தோம்.

அரை ஏக்கரில் கடலை போட்டு நாலு நாள் ஆகிறது. காலையில் போய்ப் பார்த்தால் சால் சாலாக மயில் கிளறியிருக்கிறது. விதை இருந்த இடங்களில் சின்னச் சின்னக் குழி, ஒரே அளவில், அளந்து எடுத்ததுபோல. 1963இல் தேசியப் பறவையாக்கினார்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் வைத்தார்கள். அடிக்கக் கூடாது. சட்டம் இல்லாவிட்டாலும் எனக்கு அடிக்க வராது. வரப்பில் நின்று அது என்னைப் பார்க்கும் பார்வையில் நிலம் யாருடையது என்பதில் அதற்குச் சந்தேகமே இல்லை.

மற்றவர்கள் செய்வதுபோலப் பழைய சேலைகளைக் கம்பு நட்டுச் சுற்றிக் கட்டியாயிற்று. எங்கள் கல்யாணத்துக்கு வந்த மாம்பழ நிறச் சேலை ஒன்றும் அதில் இருக்கிறது. “அது கிழிஞ்சிருச்சுன்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்களா?” என்று வீட்டில் கேட்டாள். பதில் சொல்லவில்லை. சேலை காற்றில் நன்றாக ஆடுகிறது.

மறுவிதைப்புக்குப் பருப்பு பதினைந்து கிலோ. வலப்பக்கம்.

ஆடி 27

மேட்டு நிலம் அரை ஏக்கரில் வரகு தெளித்தோம். மயில் வரகைப் பொருட்படுத்துவதில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். மயிலுக்கும் சொல்லியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஆவணி 2

‘போய்விடலாம்’ என்று எனக்கு எப்போதெல்லாம் தோன்றியது என்று யோசித்துக்கொண்டு கிணற்றுத் திட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கிணறு வற்றி எத்தனையோ வருஷம் ஆகிறது. உட்கார மட்டும் ஆகும்.

2016இல் தோன்றவில்லை. அந்த ஐப்பசியும் கார்த்திகையும் மழையே இல்லாமல் போயின. வடகிழக்குப் பருவமழை பாதிக்கு மேல் பொய்த்த வருஷம். 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டமாக அறிவித்தார்கள். எங்கள் பழைய போர் முந்நூற்றைம்பது அடியில் காற்றை இறைத்தது. கையிலிருந்த சேமிப்பெல்லாம் புதிய குழிக்குள் இறங்கியது. பயமாக இருந்தது. ஆனால் டீக்கடையில் உட்கார்ந்தால் எல்லார் முகத்திலும் அதே பயம் இருந்தது. என் பயத்தை நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

2018இலும் தோன்றவில்லை. நவம்பர் 16 விடியும் முன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி எங்கள் தலைக்கு மேலே மேற்கே போனது. அந்த இரவில் கேட்ட சத்தத்தை எதனோடும் ஒப்பிட்டுச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அடங்கியது, முடிந்தது என்று கதவைத் திறந்தோம். மறுபடி வந்தது, எதிர்த்திசையிலிருந்து. விடிந்தபோது நாற்பத்திரண்டு தென்னையில் முப்பத்தொன்று தரையில் கிடந்தன. விழாமல் நின்ற சில மரங்களுக்குத் தலை திருகியிருந்தது. நிலத்தை விற்றவரின் தாத்தா வைத்த பலா வேரோடு சாய்ந்து, வேர்ப் பக்கம் ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றது. செம்மண் ஒட்டிய அந்த வேர்களைப் பார்க்கக் கூடாததைப் பார்ப்பதுபோல நாங்கள் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

முப்பத்தெட்டு நாள் மின்சாரம் இல்லை. தெருவுக்கு ஒரு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, முறை வைத்து, வீட்டுக்கு அரை மணி தண்ணீர் ஏற்றினோம். மரம் அறுக்கும் மெஷினோடு திருச்சிப் பக்கத்திலிருந்து நாலு பையன்கள் வந்தார்கள். பெயர்கூடச் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கிருந்தெல்லாமோ மின் ஊழியர்கள் வந்தார்கள், கேரளத்திலிருந்தும் வந்தார்கள். கம்பம் நடும்போது ஊரே கயிறு பிடித்தது. அந்த முப்பத்தெட்டு நாளில் ஒருநாள்கூட விட்டுவிட்டுப் போகலாம் என்று தோன்றவில்லை. எங்கே போவது? எல்லாரும் இங்கே இருந்தார்கள்.

தோன்றியது 2021இல். ஒரு கீரியால்.

தினம் ஒரு குஞ்சு. எந்த நேரம் என்று சொல்ல முடியாது. வலை கட்டினால் வலைக்குக் கீழே பறித்துக்கொண்டு வந்தது. கல் அடுக்கினால் கல்லுக்கு நடுவே. பதினான்கு நாளில் பதினான்கு குஞ்சு. பதினைந்தாம் நாள் காலை இருந்த இடத்திலேயே உட்கார்ந்து, சென்னையில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு வேலை ஏதாவது இருக்குமா என்று செய்தி தட்டினேன். அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை, பல மாதம் அப்படியே கிடந்தது.

புயலுக்கு நிவாரணக் கணக்கெடுப்பு உண்டு, கிராம நிர்வாக அலுவலர் வருவார், உறவுக்காரர்கள் போன் செய்வார்கள். கீரிக்கு யார் வருவார்கள்? சொன்னால் சிரிப்பார்கள், நானே சிரிப்பேன். பெரிய இழப்பு ஆட்களோடு வருகிறது. சின்னது தனியாக வந்து, நம்மையும் தனியாக்கிவிடுகிறது. அதோடு அது ஒரு கேள்வியையும் கொண்டுவருகிறது. புயல் யாரையும் ‘நீ ஏன் சரியாகக் கட்டவில்லை’ என்று கேட்பதில்லை. கீரி கேட்கும். கழிச்சல் நோய் கேட்கும். ‘ஏழாம் நாள் எங்கே போயிருந்தாய்?’

ஆவணி 9

மாடு. இதை எழுதாமல் விட்டால் நான் சொல்வது எல்லாம் பாதிப் பொய்.

காலை ஐந்து மணிக்குக் கறக்க வேண்டும். என் மனம் எப்படி இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கோழிகளைப் புதைத்த மறுநாளும் அது கொட்டகையில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு கன்றைப் பார்த்துக் கத்தியது. கறக்காமல் விட்டால் மடி கல்லாகும். ஆகவே எழுந்தேன். ஊக்கம் வந்து எழவில்லை. எழுந்து, செம்பைக் கழுவி, காம்பில் இரண்டு பீய்ச்சு தரையில் விட்டு, அதன் வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்த பிறகு ஏதோ ஒன்று வந்தது. அதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. உடம்புச் சூடு என்றுகூடச் சொல்லலாம்.

வேலையை விட்டுவிட்டு நிலம் வாங்கப் போகிறேன் என்று யாராவது யோசனை கேட்டு வந்தால், என்ன மரம் வைக்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். காலையில் உங்களை எழுப்ப யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்பேன். விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆவணி 21

ஜப்பானிய இயற்கை விவசாயி ஃபுகுவோகாவின் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ ஜப்பானிய மொழியில் 1975இல் வந்தது. எங்களைப் போன்றவர்கள் வீட்டிலெல்லாம் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு பிரதி இருக்கும். உழாத வயல், விதை உருண்டை, நெல்லுக்கு மேலே பரப்பிய வைக்கோல் என எல்லாரும் அதையே பேசுவோம். அவர் கொன்ற மரங்களைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

யோகோஹாமாவில் சுங்கத் துறையில் தாவர நோய் பார்க்கும் வேலையில் இருந்தவர், இருபத்தைந்து வயதில் அதை விட்டுவிட்டு ஷிகோக்கு தீவில் அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்துக்கு வந்தார். மனிதன் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்ற ஞானம் புதிதாகக் கிடைத்திருந்தது. மரங்களைக் கவாத்து செய்யாமல் விட்டார். கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன, பூச்சி ஏறியது, நூற்றுக்கணக்கான மரங்கள் பட்டுப்போயின. பல வருஷம் கவாத்துக்குப் பழகிய மரத்தைத் திடீரென்று விட்டால் அது இயற்கைக்குத் திரும்பாது, கைவிடப்படும் என்பதை அந்த மரங்கள் செத்துத்தான் அவருக்குக் காட்டின. அதற்குப் பிறகு அவர் கோச்சியில் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குப் போனார், யுத்தம் முடியும்வரை. போனார் என்பதுதான் எனக்கு முக்கியம். மாதச் சம்பள வேலைக்குத் திரும்பிப் போனார். பிறகு வந்தார்.

அப்பாவின் தோட்டம் என்பதை நினைத்தால்தான் எனக்கு வலிக்கிறது. அந்த அப்பா சாப்பாட்டு நேரத்தில் என்ன பேசியிருப்பார்?

புரட்டாசி 14

மழை இல்லை. கடலையில் பாதிப் பாத்தி தேறியது. மீதியில் பன்றி.

ஐப்பசி 8

பக்கத்துக் கொல்லை அம்மாச்சி வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு வந்தார். எழுபது தாண்டியவர். இடுப்பில் கூடை, கூடைக்குள் துணி மூடி ஒரு கோழி. சேவலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சேவலை மட்டும் வச்சுக்கிட்டு என்ன தம்பி செய்யப் போறீக, மணி பாக்கவா?”

“வாங்க அம்மாச்சி. கூட்டைச் சுண்ணாம்பு அடிச்சுக் காயவிட்டிருக்கேன். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்னு...”

“மூணு மாசம் போயிருச்சு. அடை கேக்குது இது. முட்டையும் இருக்கு. வாரத்துக்கு விடுறேன். பொரிக்கிறதுல பாதி எனக்கு.”

வாரத்துக்கு ஆடு விடுவார்கள், மாட்டுக் கன்று விடுவார்கள், இந்தப் பக்கம் தெரிந்ததுதான். கோழியையும் விடலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை. இனாமாகக் கொடுத்திருந்தால் வாங்கிக்கொள்ளக் கூசியிருப்பேன், விலை சொல்லியிருந்தால் பேரம் ஆகியிருக்கும். அவர் பங்கு என்றார். நான் தேற மாட்டேன் என்று நினைப்பவரிடம் பங்கு கேட்க மாட்டார்கள் அல்லவா?

அவரே அடை வைத்தார். பதினொரு முட்டை, இரட்டைப்படையில் வைக்கக் கூடாதாம். மணல் பரப்பிய கூடையில் முட்டைகளுக்கு நடுவே ஓர் இரும்பு ஆணி, ஒரு கரித்துண்டு, இரண்டு காய்ந்த மிளகாய். ஐப்பசி இடிக்குக் கூமுட்டை ஆகிவிடக் கூடாது என்று. எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஆணி ஓரத்தில் கிடந்ததை நடுவே தள்ளி வைத்தேன்.

இரவு நோட்டை விரித்தபோது எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை. விளைந்ததில்லை, கடையில் வாங்கியதும் இல்லை. பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். புயலுக்குப் பிறகு மேற்குத் தெருக்காரர் கொடுத்த தென்னம்பிள்ளை ஆறு, பத்தாயத்தின் அடியிலிருந்து யாரோ வழித்துக் கொடுத்த பூங்கார் விதைநெல் இரண்டு படி, முறைத் தண்ணீர் - ஒன்றும் இல்லை. பத்து வருஷத்தில் இந்த மாதிரி எதையுமே நான் எழுதி வைக்கவில்லை. கடைசியில் பின்னட்டையின் உள்பக்கத்தில் எழுதினேன்: அம்மாச்சி, அடைக்கோழி ஒன்று, முட்டை பதினொன்று, பாதி வாரம்.

ஐப்பசி 17

இடி. மூன்று முறை எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கோழி என்னை முறைத்தது.

ஐப்பசி 29

ஒன்பது பொரித்தது. இரண்டு கூமுட்டை. அம்மாச்சி வந்து எண்ணிவிட்டு, “ஒம்பதை எப்படிப் பங்கு வைக்கிறது?” என்றார். வளரட்டும், அப்புறம் பார்ப்போம் என்று விட்டோம்.

கார்த்திகை 6

ஏழாம் நாள். சொட்டு மருந்து போட்டாயிற்று. ஐஸ் டப்பாவில் வைத்து வண்டியில் கொண்டுவந்தேன். ஒரு கையில் குஞ்சைப் பிடித்தால் அதன் நெஞ்சு துடிப்பது விரல் முழுக்கத் தெரிகிறது.

இன்று வீட்டில் பேச்சுவாக்கில் அவள் சொன்னாள், “உங்களுக்கு ஒண்ணு செத்தா பெருசா செத்தாத்தான் பொறுக்குது.” நான் எழுதி வைத்திருப்பதை அவள் படித்ததில்லை.

மார்கழி 4

வரகு அறுப்பு நேரத்தில் இரண்டு நாள் மழை. கதிர் நனைந்தது. நனைந்த வரகில் பூஞ்சை ஏறினால் சாப்பிட்டவருக்குத் தலை சுற்றும், கை கால் தளரும். வரகு மயக்கம் என்று பெரியவர்களுக்குத் தெரியும். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்து பாந்தவ்கர் காட்டில் பத்து யானைகள் இறந்தபோது வயிற்றில் இருந்தது பூஞ்சை பிடித்த வரகுதான் என்றார்கள். யானையே தாங்கவில்லை.

மூன்று மூட்டை. வெயிலில் உலர்த்தித் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஏழு தோல் தாண்டித்தான் உள்ளே இருப்பது தெரியும் என்று அம்மாச்சி சொன்னார். முன்பெல்லாம் இதற்கென்றே மண் திருகை வைத்திருந்தார்களாம். அவர் வீட்டுத் திருகையின் மேல்பாதி இப்போது கோழிக்குத் தண்ணீர் வைக்கும் திண்டாக இருக்கிறது.

மாட்டுக்கும் போட மனமில்லை. தூக்கி எறியவும் கை வரவில்லை.

புயலில் சாய்ந்த பலாவின் அடிமரத்தை அப்போதே அறுத்து விற்றுவிட்டோம், அடிமாட்டு விலைக்கு. ஊரெல்லாம் பலா கிடந்த நேரம். அந்தக் குழியை மூடாமல் விட்டிருந்தோம். இந்த மழையில் அதில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. தவளைகள் இரவெல்லாம் கத்துகின்றன.

மார்கழி 21

விளைந்தது: பால் இரண்டு லிட்டர். முருங்கைக்கீரை. சுரைக்காய் மூன்று, ஒன்று முற்றல், விதைக்கு. தேங்காய் பதினெட்டு. வரகு மூன்று மூட்டை, முடிவு செய்யவில்லை.

கடையில் வாங்கியது: உப்பு இரண்டு கிலோ. தீப்பெட்டிக் கட்டு ஒன்று. மோட்டார் கெப்பாசிட்டர். கூட்டுக்குச் சின்னக் கண் வலை, பத்து மீட்டர்.

பின்னட்டை: அம்மாச்சி வாரக் கணக்கு. காலை பத்து மணிக்குக் கீரி ஒரு குஞ்சைக் கொண்டுபோனது. வலை வாங்கி வருவதற்குள். அம்மாச்சியிடம் போய்ச் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே விரலில் எண்ணிப் பார்த்தார். “சரியாப் போச்சு” என்றார். ஆளுக்கு நாலு.